நல்லூரின் கடல்

யாழ்ப்பாணப் பட்டணத்திலிருந்து காங்கேசன்துறை வீதியால் வடக்கே போகும் பஸ் கோண்டாவில், இணுவில், உடுவில், மருதனார்மடம், சுன்னாகம் என்று ஊர்களைத் தாண்டிப் போகும். இரு பக்கமும் செம்மண். வெங்காயப் பாத்திகள், புகையிலைத் தோட்டங்கள், தோட்டத்துக்கொரு கிணறு, வேலிகளுக்கு மேலே பனைகள். கடல் எங்கேயும் கண்ணில் படாது. உடுவிலில் பிறந்து வளர்ந்த ஒரு பிள்ளைக்குக் கடல் என்பது பண்ணைக்கோ கீரிமலைக்கோ கூட்டிப்போனால் காணக் கிடைக்கும் ஒன்று.

இணுவிலில் இறங்கி உள்ளே நடந்தால் இரண்டு பிள்ளையார் கோயில்கள் இருக்கின்றன. ஒருவர் பரராஜசேகரப் பிள்ளையார். மற்றவர் செகராஜசேகரப் பிள்ளையார். இரண்டும் நல்லூரில் இருந்து ஆண்ட அரசர்கள் ஒருவர் மாறி ஒருவராகச் சூடிக்கொண்ட பட்டப்பெயர்கள். ஆரியச்சக்கரவர்த்திகள் எனப்பட்ட அந்த வம்சம் 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தலையெடுத்து, இடையில் ஒருமுறை அறுபட்டு, 1619 வரை நீடித்தது. அவர்கள் கொடியில் நந்தி. அவர்கள் வெளியிட்ட செப்புக் காசிலும் நந்தி. அதனோடு தமிழில் 'சேது' என்று இரண்டே எழுத்து. தன் நாட்டின் பெயரையோ தலைநகரின் பெயரையோ விட்டுவிட்டு, இராமேசுவரத்துக்கும் மன்னாருக்கும் இடையே கிடக்கும் ஒரு கடற்பாதையின் பெயரைக் காசில் அடித்த அரசு அது. அரசர்களும் தங்களைச் சேதுகாவலர் என்றே சொல்லிக்கொண்டார்கள்.

யானை, முத்து, கறுவா என்ற மூன்றுமே அந்நாளில் இலங்கையைத் தேடிக் கப்பல்களை வரவழைத்த பொருட்கள். மூன்றில் ஒன்றுகூட இந்தச் செம்மண்ணில் இல்லை. ஆறில்லாத, மலையில்லாத, கிணற்று நீரை நம்பிய ஒரு சிறு குடாநாடு, கரையிலிருந்து தள்ளியிருந்த ஒரு தலைநகரில் உட்கார்ந்துகொண்டு எப்படிக் கடலரசாக நின்றது? யாழ்ப்பாண வரலாற்றைப் பேசுகிறவர்கள் மன்னர் வரிசையிலும் ஆண்டுக் கணக்கிலும் நீண்ட நேரம் நின்றுவிடுகிறார்கள். ஆனால் இந்தக் கேள்விதான் அந்த அரசின் உயிர்நிலை.

விடையைக் கடலிலிருந்து தொடங்க வேண்டும். பாக்குநீரிணை ஆழம் குறைந்த கடல். மணல் திட்டுகளும் பவளப் பாறைகளும் நிறைந்தது. தூர தேசத்துப் பெரிய மரக்கலங்கள் அதற்குள் துணிந்து நுழைவதில்லை. ஒன்று, இலங்கையைத் தெற்கே சுற்றிப் போக வேண்டும். இல்லையென்றால் ஏதாவதொரு துறையில் சரக்கை இறக்கித் தோணிகளில் ஏற்றிக் கடத்த வேண்டும். வாடைக்கும் சோளகத்துக்கும் இடையில் காற்று மாறும்வரை மாதக்கணக்காகக் காத்துக் கிடக்கவும் வேண்டும். காத்திருக்கும் கப்பலுக்குக் குடிதண்ணீர், அரிசி, பாய், கயிறு, ஆட்கள், எல்லாவற்றுக்கும் மேலாகக் கொள்ளைக்குப் பயப்படாத ஒரு துறை வேண்டும். இவற்றைக் கொடுக்கக் கூடியவன் வரி வாங்கலாம். நீரிணையின் அந்த ஒடுங்கிய வாயில் குடாநாடு இருக்கிறது.

இது நல்லூர் அரசர்கள் கண்டுபிடித்த புதுமையல்ல. உடுவிலிலிருந்து சைக்கிளில் கால்மணி நேரம் மிதித்தால் கந்தரோடை வந்துவிடும். மழைக்காலத்தில் மட்டும் ஓடி, அராலிப் பக்கமாகக் கடல்நீரேரியில் விழும் வழுக்கையாறு அந்த ஊரைத் தொட்டுக்கொண்டு போகிறது. 1917ஆம் ஆண்டளவில் போல் பீரிஸ் அங்கே அகழ்ந்தபோது சிறு சிறு தூபிகளோடு பழங்காசுகளும் வெளிவந்தன: இந்திய முத்திரைக் காசுகள், இலட்சுமி உருவம் பொறித்த தகடுகள், உரோமக் காசுகள். 1970இல் பென்சில்வேனியப் பல்கலைக்கழகத்தார் சோதனைக் குழிகள் வெட்டினார்கள். புதுச்சேரிக்கருகே அரிக்கமேட்டில் பெயர்பெற்ற உருளி வரைவு மட்கலம் இங்கும் கிடைத்தது. கரையிலிருந்து தள்ளி, வயலும் நீரும் உள்ள இடத்தில் ஆட்சி, துறை வேறிடத்தில். நல்லூரின் அமைப்பு அதற்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன்பே கந்தரோடையில் இருந்திருக்கிறது.

சோழர் காலத்தில் இந்தக் கரை ஒரு பெரிய வலையின் முடிச்சானது. இராசராசனும் இராசேந்திரனும் தஞ்சையிலும் கங்கைகொண்ட சோழபுரத்திலும் இருந்தார்கள். அவர்களுடைய கடல் வாசல் நாகபட்டினம். ஸ்ரீவிஜய அரசன் அங்கே சூடாமணி விகாரம் எழுப்ப, இராசராசன் ஆனைமங்கலம் என்ற ஊரை அதற்குக் கொடையாக விட்டான். 1025இல் இராசேந்திரனின் கப்பற்படை கடாரம் வரை போனது. இலங்கைப் பக்கத்தில் அவர்களுக்கு வாய்த்த துறை மாதோட்டம். அங்கே தாழி குமரன் என்ற சோழ அதிகாரி இராசராசேச்சரம் என்ற கோயிலைக் கட்டினான். கோயில் எழுந்த இடத்தில் வணிகர் கூட்டமும் தங்கிவிட்டது என்று பொருள்.

சோழர் இலங்கையை விட்டுப் போய் ஒரு நூற்றாண்டு கழிந்த பிறகு இக்கரையைப் பற்றி இரண்டு கல்வெட்டுகள் பேசுகின்றன. இரண்டும் கடலின் இரு கரைகளில் நிற்கின்றன.

ஒன்று, தமிழ்நாட்டுத் திருவாலங்காட்டில் இருக்கும் இரண்டாம் இராசாதிராசன் காலத்துக் கல்வெட்டு. பொலன்னறுவையில் இருந்த பராக்கிரமபாகு மீண்டும் பாண்டிநாட்டின் மேல் படையெடுக்க எண்ணி, ஊராத்துறை, புலைச்சேரி, மாதோட்டம், வல்லிகாமம், மட்டிவாழ் முதலிய இடங்களில் படை திரட்டிக் கப்பல் கட்டுகிறான் என்று செய்தி வருகிறது. சோழர் தரப்பு ஆட்களை அனுப்பி அவ்விடங்களை அழிக்கிறது. யானைகளைப் பிடித்துக்கொண்டு போகிறது. ஊராத்துறை இன்றைய ஊர்காவற்றுறை. வல்லிகாமம் இன்றைய வலிகாமம், அதாவது உடுவிலும் சுன்னாகமும் தெல்லிப்பழையும் அடங்கிய பகுதி. வெங்காயத் தோட்டங்களுக்குப் பெயர்போன இந்த மண், சோழ அரசு அஞ்சி அழித்த கப்பல் கட்டும் இடங்களின் பட்டியலில் இருக்கிறது.

மற்றது நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் இருக்கும் கல். மேற்பகுதி உடைந்து போனாலும் எஞ்சியது தெளிவாகப் பேசுகிறது. கார்த்திகேசு இந்திரபாலா 1963இல் அதைப் படித்து வெளியிட்டார். பரதேசிகள், அதாவது வெளிநாட்டு வணிகர், ஊராத்துறையில் வந்து தங்க வேண்டும். அவர்களுக்குக் காவல் கொடுக்க வேண்டும். பல துறைகளிலிருந்தும் வருவோர் இங்கே கூட வேண்டும். யானையும் குதிரையும் கொண்டுவந்த மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு கூறு பண்டாரத்துக்கு, மூன்று கூறு உடையவனுக்கு. வேறு சரக்கு ஏற்றிய கலம் உடைந்தால் பாதிக்குப் பாதி. கட்டளையிட்டவன் அதே பராக்கிரமபாகு. எழுத்தும் மொழியும் தமிழ்.

இந்தக் கல்லின் முன்னால் சற்று நிற்கத்தான் வேண்டும். உடைந்து கரையேறிய கப்பல் அந்தக் கரையின் அரசனுக்கே முழுவதும் சொந்தம் என்பதுதான் பழைய கடல்களின் வழக்கம். பாறையும் திட்டும் நிறைந்த ஒரு கடலில் அந்த வழக்கத்தை வைத்துக்கொண்டு எந்த வணிகனையும் துறைக்கு அழைக்க முடியாது. அதனால் சரக்கில் ஒரு பங்கை உடையவனுக்கு விட்டுக்கொடுக்கிறான் அரசன். ஆந்திரக் கரையில் காகதீய அரசன் கணபதிதேவன் மோட்டுப்பள்ளித் துறை வணிகருக்கு இதே போன்ற அபயம் கொடுத்தது 1244ஆம் ஆண்டளவில். ஊராத்துறைக் கட்டளை அதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் முந்தியது. யானைக்கும் குதிரைக்கும் காட்டிய தனிச் சலுகைக்கும் பழைய சாட்சி உண்டு. 6ஆம் நூற்றாண்டில் எழுதிய கொஸ்மாஸ் என்ற கிரேக்கத் துறவி, இலங்கை அரசன் யானையை உயரம் அளந்து முழக்கணக்கில் விலைக்கு வாங்குகிறான் என்றும், பாரசீகத்துக் குதிரைகளுக்குத் தீர்வை கேட்பதில்லை என்றும் குறித்திருக்கிறார். அரசர்கள் மாறினாலும் துறையின் வழக்கம் மாறவில்லை.

சிங்கள அரசன் ஒருவன் இந்தக் கட்டளையைத் தமிழில் வெட்டுவித்தான் என்பதைச் சிலர் வியப்போடும் சிலர் சங்கடத்தோடும் பார்க்கிறார்கள். துறையின் மொழி எதுவோ அதில்தான் துறைக்குச் சட்டம் எழுத முடியும். 1409இல் சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே இலங்கைக்கென்று எழுதுவித்து, பின்னர் காலியில் கண்டெடுக்கப்பட்ட கல்லிலும் சீனம், பாரசீகத்தோடு மூன்றாவதாக இருப்பது தமிழ்தான். வணிகக் கடலில் தமிழ் அப்படியொரு பொதுமொழியாக இருந்தது.

ஊராத்துறைக் கட்டளை வெறும் விருப்பமாக நின்றுவிடவில்லை என்பதை அல்லைப்பிட்டி மண் சொல்கிறது. 1977இல் ஜோன் கார்ஸ்வெல் அங்கே கண்டெடுத்த சீனப் பீங்கான் ஓடுகள் சொங் வம்ச காலத்தவை, 11ஆம், 12ஆம் நூற்றாண்டுக்குரியவை. பண்ணையிலிருந்து ஊர்காவற்றுறைக்குப் போகும் வழியில், தென்னந்தோப்புக்கும் கடலுக்கும் நடுவில், தென்சீனத்து உலைகளில் வெந்த கிண்ணங்களும் சாடிகளும் உடைந்து கிடந்தன. 2018இல் ஷாங்காய் அருங்காட்சியகத்தாரும் அதே இடத்தைத் தேடி வந்து அகழ்ந்தார்கள்.

ஆரியச்சக்கரவர்த்திகள் இந்த ஆயத்தமான துறையின் மேல் வந்து அமர்ந்தவர்கள். 1284இல் பாண்டியன் குலசேகரனின் தளபதியாக சிங்கள அரசின் யாப்பகுவையைத் தாக்கிப் புத்தரின் தந்ததாதுவைக் கொண்டுபோனவன் ஓர் ஆரியச்சக்கரவர்த்தி என்று சூளவம்சம் சொல்கிறது. பாண்டிய அரசு உள்வீட்டுச் சண்டையிலும் தில்லிப் படையெடுப்பிலும் நொறுங்கியபோது, கடலின் இந்தப் பக்கத்தில் நின்றவர்கள் தங்கள் பெயரிலேயே ஆளத் தொடங்கினார்கள்.

அவர்களுடைய முதல் தலைநகர் எது என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒருமனப்படவில்லை. கேகாலைப் பக்கத்துக் கொட்டகமவில் இருக்கும் தமிழ்க் கல்வெட்டு 'சிங்கைநகர் ஆரியன்' என்கிறது. இராசநாயக முதலியார் 1926இல் வெளியிட்ட நூலில் அந்தச் சிங்கைநகரை வடமராட்சிக் கரையிலுள்ள வல்லிபுரத்தில் வைத்தார். பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் பூநகரியைக் காட்டினார். நல்லூருக்கே அது மறுபெயர் என்பாரும் உண்டு. மூன்றுமே கடலையோ நீரேரியையோ காவல் காக்கத் தோதான இடங்கள். வல்லிபுரம் கிழக்குக் கடலைப் பார்க்கிறது. பூநகரி வன்னியிலிருந்து குடாநாட்டுக்குக் கடக்கும் வாயைப் பார்க்கிறது. எந்த முடிவு வந்தாலும், இந்த அரசு எதைக் கண்ணில் எண்ணெய் ஊற்றிக் காத்தது என்பதில் மாற்றம் வராது.

அந்த அரசைக் கண்ணால் கண்டு எழுதியவர் மொரோக்கோ நாட்டு இபுன் பதூதா. 1344இல் மாலைதீவிலிருந்து மாபருக்கு, அதாவது சோழமண்டலக் கரைக்கு, புறப்பட்டவரைக் காற்று புத்தளத்தில் கொண்டுபோய் ஒதுக்கியது. அந்த அரசன் பொல்லாதவன், கடலில் கொள்ளையடிப்பவன் என்று சொல்லிக் கப்பலோட்டி கரையை நெருங்கவே பயந்தான். இபுன் பதூதாதான் இறங்கிப் போனார். போனால், அரசன் ஆரியச்சக்கரவர்த்தி எதிரில் முத்துக் குவியல். முத்துக்குளிப்பில் அன்று எடுத்தவற்றைத் தரம்பிரித்துக்கொண்டிருந்தார்கள். அரசன் பாரசீக மொழியை விளங்கிக்கொண்டான். வேறு நாட்டில் இதைவிட நல்ல முத்துப் பார்த்ததுண்டா என்று கேட்டான். பாரசீக வளைகுடாவில் கைஸ் தீவில் பார்த்திருக்கிறேன், ஆனால் இதற்கு ஈடில்லை என்றார் விருந்தாளி. அரசன் மகிழ்ந்து சில முத்துக்களைக் கொடுத்து, வேண்டியதைக் கேள் என்றான். அவர் கேட்டது பாவாதமலைக்கு, அதாவது சிவனொளிபாதமலைக்கு, யாத்திரை. பல்லக்கும், வழிகாட்ட யோகிகளும், பிராமணர்களும், சுமைகாரர்களும் கொடுத்து அனுப்பி வைத்தான்.

புத்தளக் கரையில் கறுவா மரங்கள் வெள்ளத்தில் அடித்து வந்து மேடுமேடாகக் கிடந்ததையும் அவர் எழுதுகிறார். மாபர், மலையாளக் கரை வணிகர்கள் அதை விலையில்லாமலே அள்ளிப் போவார்களாம். பதிலுக்கு அரசனுக்குத் துணிமணிகள் கொடுப்பார்களாம். மாபர்க் கரையில் இதே அரசனின் நூறு கப்பல்களை, சிறிதும் பெரிதுமாக, தான் பார்த்ததாகவும் சொல்கிறார். அங்கே மாபர் சுல்தானின் எட்டுக் கப்பல்கள் யேமனுக்குப் புறப்பட நின்றன. தாக்குதலுக்குப் பயந்து சுல்தான் காவலைக் குவித்ததும், யேமனுக்குப் போகும் எங்கள் கப்பல்களுக்குத் துணையாகத்தான் வந்தோம் என்று இந்தப் பக்கத்தார் சொல்லிவிட்டார்கள்.

இந்த ஒரு சம்பவத்தில் யாழ்ப்பாண அரசின் தொழில் முழுவதும் அடங்கியிருக்கிறது. யேமன் வரை சொந்தக் கப்பல் போனது; அந்தக் கப்பலுக்குத் துணைபோகும் படை, வாய்ப்பிருந்தால் அடுத்தவன் கப்பலையும் தாக்கும். காவலும் கொள்ளையும் அந்தக் கடலில் ஒரே கையின் இரண்டு பக்கங்கள். அரசரைப் புகழ்வதற்காக அதை மறைப்பதும், பழிப்பதற்காகக் கொள்ளையை மட்டும் சொல்வதும் இரண்டுமே பிழை.

முத்து மன்னார்க் கடலில், கறுவா தெற்கே, யானை வன்னிக் காட்டில். குடாநாட்டின் சொந்தப் பொருள் என்று பார்த்தால் சங்கு, சாயவேர், பனைமரம். வங்காளத்துப் பெண்களின் வளையலுக்கு இங்கிருந்து சங்கு போனது. பனங்கைகளும் தீராந்திகளும் சோழமண்டலத்து வீட்டுக் கூரைகளுக்குப் போயின. ஆனால் திறைசேரியை நிரப்பியவை பிறர் மண்ணில் விளைந்தவையே. 14ஆம் நூற்றாண்டில் ஆரியச்சக்கரவர்த்திக்கு மலைநாட்டிலிருந்தும் கீழ்நாட்டிலிருந்தும் ஒன்பது துறைமுகங்களிலிருந்தும் திறை போனது என்று சிங்கள நூலான இராஜாவலிய எழுதுகிறது. எதிரியின் நூல் ஒத்துக்கொண்ட செய்தி என்பதால் அதற்குக் கூடுதல் எடை. தெற்கே கோட்டை நகருக்கு அரண் கட்டி, திறை வாங்க வந்த ஆட்களைத் தூக்கிலிட்ட சிங்கள அரசின் அமைச்சன் அழகேசுவரன் இந்தப் பெருக்கத்தை நிறுத்தினான்.

யானையின் பயணம் தனிக்கதை. வன்னியில் பிடித்துப் பழக்கிய யானைகளை நீரேரியின் ஆழமில்லாத இடத்தில் இறக்கிக் கடக்க வைத்தார்கள். அந்த இடத்துக்கு ஆனையிறவு என்றே பெயர். பிறகு குடாநாட்டின் ஒழுங்கைகளால் நடத்தி மேற்குக் கரைக்குக் கொண்டுபோய், ஊர்காவற்றுறையில் கப்பலேற்றினார்கள். போர்த்துக்கேயர் அந்த இடத்தை 'யானைகளின் இறங்குதுறை' என்று பொருள்படத் தங்கள் மொழியில் அழைத்தார்கள். அதன் முதற்சொல்தான் 'கயிற்ஸ்' என்று ஆங்கில வரைபடத்தில் இன்றும் நிற்கிறது. ஊராத்துறைக் கட்டளையில் யானைக்கு இருந்த முதலிடமும், இந்தப் பெயரும், பின்னர் ஒல்லாந்தர் நடத்திய யானை விற்பனைக்கு வங்காளத்திலும் கோல்கொண்டாவிலும் இருந்து வணிகர் வந்ததும் ஒரே நூலில் கோத்த மணிகள்.

இத்தனை பணமும் போய்ச் சேர்ந்த நல்லூர் எப்படி இருந்தது? நான்கு திக்குக்கும் நான்கு காவற்கோயில்: கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார், தெற்கே கைலாசநாதர், மேற்கே வீரமாகாளி அம்மன், வடக்கே சட்டநாதர். யமுனாரி என்ற, பகர வடிவில் கல்லால் கட்டிய கேணி. முத்திரைச் சந்தை என்ற பெயரில் இன்றும் வழங்கும் இடம். 18ஆம் நூற்றாண்டில் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலை இந்நகரின் தோற்றத்தை விரித்துச் சொல்கிறது. தெற்கே சிறிது தூரத்தில் கொழும்புத்துறை, தென்மேற்கே பண்ணைத்துறை. தஞ்சைக்கு நாகபட்டினமும் மதுரைக்குக் காயலும் இருந்தது போலவே நல்லூருக்குத் துறைகள் தனியே இருந்தன. கோயிலும் அரண்மனையும் கிணறும் வயலும் உள்ளே; பாய்மரமும் பண்டசாலையும் வெளியே. கடல்வழி வரும் பகைக்கும் புயலுக்கும் அரசன் நேரே முகம் கொடுக்க வேண்டியதில்லை என்பது இதிலுள்ள நன்மை. துறை ஒருமுறை பறிபோனால் நகரம் மூச்சுத் திணறிவிடும் என்பது இதிலுள்ள கேடு.

1450இல் கோட்டை அரசன் ஆறாம் பராக்கிரமபாகுவின் சார்பில் வந்து யாழ்ப்பாணத்தைப் பிடித்த செண்பகப்பெருமாள், நகரத்தைக் கெடுக்கவில்லை. பதினேழு ஆண்டு இங்கேயே இருந்தான். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் கட்டியத்தில் 'ஸ்ரீ சங்கபோதி புவனேகபாகு' என்று இன்றும் ஒலிப்பது அவனுடைய பெயர் என்பது பலர் கருத்து. கப்பற் போக்குவரத்தை வைத்திருக்க விரும்பிய வெற்றியாளன் நகரத்தையும் அதன் தெய்வத்தையும் வைத்துக்கொண்டான்.

போர்த்துக்கேயர் வேறு கணக்கோடு வந்தவர்கள். 1560இல் கொன்ஸ்தந்தினு த பிரகன்சா நல்லூரைப் பிடித்துத் தங்க முடியாமல் மன்னாருக்கு இறங்கிப் போனார். மன்னார் போனதோடு முத்துக்குளிப்பும் நீரிணையின் தென்வாயும் போயின. 1591இல் நல்லூரில் யாரை அரசனாக வைப்பது என்பதையே அவர்கள் முடிவு செய்தார்கள். 1619இல் பிலிப் த ஒலிவேரா சங்கிலி குமாரனைப் பிடித்துக் கோவாவுக்கு அனுப்பினார். அங்கே அவனைக் கொன்றார்கள். தஞ்சை இரகுநாத நாயக்கர் அனுப்பிய படைகள் வந்து மோதியும் பலிக்கவில்லை. கந்தசுவாமி கோயில் 1621இல் இடித்துத் தள்ளப்பட்டது.

அதன்பின் நடந்ததுதான் உண்மையான திருப்பம். தலைநகரம் நல்லூரை விட்டு இறங்கிக் கரைக்குப் போனது. பண்ணைக் கடலோரம் கோட்டை எழுந்தது. கப்பலில் வந்தவனுக்குக் கப்பலுக்குப் பக்கத்தில்தான் தூக்கம் வரும். அவனுக்கு வயலோ கேணியோ நாலு திக்குக் கோயிலோ தேவையில்லை. யாழ்ப்பாணப் பட்டணம் என்று இன்று சொல்லும் நகரம் அப்படித்தான் உருவானது. உள்நாட்டு ஊர்கள் கோயிற்பற்றுகளாகின. 1658இல் ஒல்லாந்தரோடு வந்த பல்தேயஸ் பாதிரியார் 1672இல் வெளியிட்ட நூலில் நல்லூர், கோப்பாய், மல்லாகம், தெல்லிப்பழை, உடுவில் என்று அந்தப் பற்றுகள் வரிசையாக வருகின்றன.

2017இல் டேர்ஹம் பல்கலைக்கழகத்தாரும் மத்திய கலாசார நிதியத்தாரும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து அந்தப் பண்ணைக் கடலோரக் கோட்டைக்குள் அகழ்ந்தபோது, போர்த்துக்கேயர் கட்டியதற்குக் கீழே பழைய துறை கிடந்தது. கந்தரோடையில் கிடைத்த அதே உருளி வரைவு மட்கலம். அதனோடு சீனத்துப் பீங்கானும் அரபு நாட்டு மெருகிட்ட ஓடுகளும்.

அரசு போன பிறகு இந்தக் கடல்வழியில் புதிதாக ஏறிய சரக்கு ஒன்று உண்டு. இணுவில், உடுவில், சுன்னாகம் வழியே பஸ் போகும்போது இரு பக்கமும் தெரிகிறதே, அந்தப் புகையிலை. ஒல்லாந்தர் காலத்தில் அது திருவிதாங்கூருக்குத் தோணி தோணியாகப் போனது. யானைக்கும் முத்துக்கும் பிறர் நிலத்தையும் நீரையும் நம்பியிருந்த குடாநாடு, தன் சொந்தச் செம்மண்ணில் விளைந்ததை அதே கடலால் அனுப்பிய காலம் அது. கேரளத்தில் முதிய வெற்றிலைக்காரர்கள் நல்ல புகையிலைக்கு இன்னமும் சொல்லும் பெயர் 'யாப்பாணம்'.